முட்டையில்லாப் பிஸ்கட்டும் தீட்டும்

கிறிஸ்துமசுக்குப் பிஸ்கட் சுடுவதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. நம்ம நாட்டில் சாதி கோயிலில் இருப்பதைவிட அடுப்படியில் அதிகம் இருக்கிறது. யார் கையால் யார் தின்பது, எந்தப் பாத்திரத்தில் எது வேகலாம், எதைத் தின்றவன் எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பதுதான் சாதியின் அன்றாட இலக்கணம். ஆகவே முட்டை, பால், வெண்ணெய், நெய் ஒன்றும் சேர்க்காமல் ஒரு வெனிலா பிஸ்கட் சுடலாமா என்ற கேள்வி ஒரு சேரிக்குள் எழுந்தால், அதை ருசி பற்றிய கேள்வியாக மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். தெரு முழுக்கக் கிறிஸ்தவர்கள். டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம். மாலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் சில பெண்கள் சேர்ந்து பொதுவில் பலகாரம் செய்வோம். சென்னையில் கல்லூரியில் படிக்கிற எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி போன வருசம் லீவுக்கு வந்தவள், 'நான் வீகன் ஆயிட்டேன்' என்றாள். கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. பால், தயிர், நெய், தேன்கூட இல்லை. தன் பங்குக்கு வெனிலா பிஸ்கட் சுட்டுத் தருவதாகவும், அதில் முட்டையும் வெண்ணெயும் சேராது என்றும் சொன்னாள்.

அவள் பெரியம்மா கேட்டார்: "ஏட்டி, படிக்கப் போனியா, ஐயமார் வீட்டுக்கு வாக்கப்படப் போனியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஐயமாரு பாலு குடிப்பாவ, நெய்யி திம்பாவ பெரியம்மா. நான் அதையும் திங்கல" என்றாள்.

"கோழிக்கு வலிக்கும்னு சொல்லுத. பேறுகாலத்துல ஒங்க ஆச்சிக்கு ஒரு முட்டை வாங்கிக் குடுக்க வழியில்லாமக் கெடந்தோமே, அந்த வலிய எவ கேட்டா?"

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. பெரியம்மா சொன்னது அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பிள்ளை சொன்னதைப் படித்த திமிர் என்றும் தள்ளிவிட முடியாது.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் புலால் உண்ணாமைக்குச் 'சைவம்' என்று பெயர். ஒரு சமயத்தின் பெயர் ஒரு சோற்றின் பெயராகிவிட்டது. அதோடு விட்டார்களா? மற்றதெல்லாம் 'அசைவம்'. அதாவது நாம் தின்பதற்குச் சொந்தப் பெயர் கிடையாது; அவர்கள் தின்பது அல்லாதது என்பதுதான் அதன் பெயர். பழைய இலக்கியத்தில் இந்தப் பிரிவினை இல்லை. பாணனும் பொருநனும் ஊன் சோறு தின்றார்கள், கள் குடித்தார்கள், அதைப் பாட்டாகவும் பாடினார்கள். அந்தணர் என்று போற்றப்பட்ட கபிலரே தான் ஊன் உண்டதைப் புறநானூற்றில் சொல்லியிருக்கிறார். சோற்றை வைத்து ஆளை அளக்கிற படிக்கல் பிற்காலத்தில் வந்தது.

'வீகன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேறு பிறப்பு. 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் கூட இருந்த சிலரும் உண்டாக்கிய சொல் அது. புலால் விட்டவர்கள் பாலையும் முட்டையையும் விடாமல் இருக்கிறார்களே, கறவை நின்ற மாடும் முட்டை நின்ற கோழியும் கடைசியில் எங்கே போகின்றன என்று கேட்டுப் பிரிந்து வந்தவர்கள் அவர்கள். இந்தச் சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் என்ன செய்தார்கள்? 'நனிசைவம்' என்று வைத்தார்கள். நனி என்றால் மிக. சைவத்துக்கும் மேலான சைவம்! ஏணியில் இன்னும் ஒரு படி. பெரியம்மாவின் கிண்டலுக்கு இந்தப் பெயர்ப்பே போதிய நியாயம் கொடுத்துவிடுகிறது. நான் இந்தக் கட்டுரையில் வீகன் என்றே எழுதுகிறேன்.

*

பிஸ்கட்டுக்கு வருவோம். சுடுகிற முறை தெரியாமல் அதன் அறத்தைப் பேசுவது நமக்கு ஒத்துவராது.

கால் கிலோ மைதா, நூறு கிராம் பொடித்த சர்க்கரை, நூற்றிருபத்தைந்து கிராம் டால்டா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ். டால்டாவையும் சர்க்கரையையும் வெளுத்துப் பொங்குகிற வரை தேய்க்க வேண்டும். கை வலிக்கும். பிறகு எசன்ஸ், பிறகு சலித்த மாவு. முட்டை மாவைப் பிடித்து நிறுத்துகிற பசை. அது இல்லாவிட்டால் மாவு உதிரும். கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு மூன்று கரண்டி விட்டால் ஒன்றுகூடும். அழுத்திப் பிசையக் கூடாது, பிசைந்தால் பிஸ்கட் கல்லாகும். எங்களிடம் ஓவன் கிடையாது. பெரிய கொப்பரையில் ஆற்று மணலைப் பரப்பி, மூடி போட்டுப் பத்து நிமிடம் காயவிட்டு, உள்ளே ஒரு வளையம் வைத்து அதன்மேல் தட்டை வைத்தோம். சின்னத் தீயில் இருபது இருபத்தைந்து நிமிடம். பாலும் முட்டையும் இல்லாததால் அவ்வளவாகச் சிவக்காது. நிறத்துக்காகக் காத்திருந்தால் அடி தீய்ந்துவிடும். ஓரம் லேசாக நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆற ஆற மொறுமொறுக்கும்.

இதை வாயில் போட்டுப் பார்த்த பெரியம்மா, "இது டீக்கடை பட்டர் பிஸ்கட்டுல்லா!" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே? டீக்கடைக் கண்ணாடிப் பாட்டிலில் இருக்கிற பட்டர் பிஸ்கட்டில் பட்டர் பெயரில்தான் இருக்கும். உள்ளே மைதா, சர்க்கரை, வனஸ்பதி. வெண்ணெய்க்கு விலை கொடுக்க முடியாதவன் தின்பதற்காகச் செய்தது. நம்ம முந்திரிக்கொத்தும் அப்படித்தான். வறுத்த பாசிப்பயறு, கருப்பட்டிப் பாகு, தேங்காய், முக்கி எடுக்க அரிசி மாவு. அதில் எந்த உயிரும் கிடையாது. ஏழை வீட்டுப் பலகாரம் ஏற்கெனவே வீகன்தான். அச்சு முறுக்கில்தான் தேங்காய்ப்பாலோடு முட்டை சேரும். அந்த முட்டைதான் அன்று பண்டிகை என்பதற்கு அடையாளம்.

ஆனால் இல்லாததால் விட்டது வேறு, இருந்தும் விட்டது வேறு. பால் வாங்கக் காசில்லாமல் கடுங்காப்பி குடிக்கிறவளை யாரும் வீகன் என்று சொல்வதில்லை. அவளை ஏழை என்கிறார்கள். ஒன்றைத் துறக்க வேண்டுமானால் முதலில் அது கைக்கு எட்ட வேண்டும். எட்டாதவனிடம் போய்த் துறவின் பெருமையைப் பேசுவது ஆபாசம். பெரியம்மா ஆச்சியின் முட்டையைப் பற்றிக் கேட்டது இதைத்தான்.

*

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரண்டு பேர் முட்டையில்லாத பிஸ்கட் தின்கிறார்கள். பிஸ்கட் ஒன்றே. ஒருவர் தின்பது தீட்டுக்குப் பயந்து, இன்னொருவர் தின்பது கோழிக்காக இரங்கி. இரண்டும் ஒன்றா?

தட்டைப் பார்த்தால் ஒன்றுதான். தட்டுக்குப் பின்னால் இருக்கிற கேள்வியைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தீட்டு கேட்கிற கேள்வி: யார் தொட்டது? இரக்கம் கேட்கிற கேள்வி: யாருக்கு வலித்தது?

மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயத்தில் யார் யார் கொடுக்கிற சோற்றைத் தின்னக் கூடாது என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. தோல் வேலை செய்பவர் அதில் வருகிறார், துணி வெளுப்பவர் வருகிறார், கொல்லர் வருகிறார், வைத்தியர்கூட வருகிறார். அந்தச் சோறு அரிசிச் சோறாக இருந்தாலும் கூடாது. அங்கே பிரச்சினை சோறு அல்ல, கை.

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். சைவத்தின் மகுடம் பால். அபிசேகத்துக்குப் பால், யாகத்துக்கு நெய். அதே பாலைத் தலித் கறந்தால்? பதினொரு மாநிலங்களில் எடுக்கப்பட்டு 2006இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு, பால் கூட்டுறவுச் சங்கத்தில் தலித்துகள் பால் விற்க முடியாத ஊர்களைப் பதிவு செய்திருக்கிறது. மாடு ஒன்றே, புல் ஒன்றே. கறந்த கை மாறியதும் பால் மாறிவிடுகிறது. அந்தப் பால் டீக்கடைக்கு வந்தால் அங்கே இரட்டைக் குவளை காத்திருக்கிறது. தீட்டுக்கு உயிரைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது.

அரசாங்கத்தின் முத்திரையும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. 2001 முதல் உணவுப் பாக்கெட்டுகளில் பச்சைப் புள்ளி வந்தது. நெய் பிஸ்கட்டுக்குப் பச்சை. முட்டை சேர்ந்த பிஸ்கட்டுக்குப் பச்சை கிடையாது. பசுவிடமிருந்து எடுப்பது சுத்தம், கோழியிடமிருந்து எடுப்பது அசுத்தம். இதில் என்ன ஜீவகாருண்யம் இருக்கிறது? வீகன் உணவுக்குத் தனி விதியும் தனி முத்திரையும் 2022இல்தான் வந்தன.

ஆகவே அந்தப் பிள்ளை "நான் நெய்யையும் திங்கல" என்று சொன்னது சாதாரண வார்த்தை இல்லை. நெய்யை அதன் சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிடுகிற வார்த்தை அது. சைவத்தின் புனிதம் பாலில் இருக்கிறது. அந்தப் பாலையே கன்றுக்குட்டியிடமிருந்து பறித்தது என்று அவள் சொல்லிவிடுகிறாள். வீட்டுக்கு ஆள் தேடும்போது நகரத்தில் "நீங்க சைவமா?" என்று கேட்கிற வீட்டுக்காரரை நானும் சந்தித்திருக்கிறேன். நம்மை மரியாதையாகச் சாதி கேட்கிற முறை அது. "நான் வீகன், என் அம்மா மாட்டுக்கறி திங்கிறவ, என்னோடதான் இருப்பா" என்று இந்தப் பிள்ளை சொன்னால் அந்த வீட்டுக்காரர் வீடு தருவாரா? தர மாட்டார். அவருடைய பிரச்சினை அவள் தட்டில் இருப்பது அல்ல என்பது அப்போது வெளிச்சமாகும்.

இதுதான் உரைகல். மாட்டுக்கறி வெந்த வீட்டில், அந்த வீட்டுத் தட்டில், அந்த வீட்டுக்காரி கையால் உன் பிஸ்கட்டை வாங்கித் தின்பாயா? தின்பேன் என்றால் உன்னுடையது இரக்கம். தயங்கினால் நீ வீகன் இல்லை, பழைய சைவம்தான் புதுப் பெயரில் வந்திருக்கிறது. எங்கள் பிள்ளை பெரியம்மா வீட்டுக் கொப்பரையில்தான் சுட்டாள்.

*

ஒன்றைத் தின்ன மாட்டேன் என்று சொல்வதே பார்ப்பனியம் என்று நம்மில் சில தோழர்கள் சொல்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் நம் மக்களைப் பார்த்துச் செத்த மாட்டின் இறைச்சியை விடச் சொன்னார். எதற்கு? சுத்தமாகி மேல்சாதிக்குப் பக்கத்தில் உட்காரவா? இல்லை. செத்ததைத் தூக்குவதும் செத்ததைத் தின்பதும் நம் பிறப்புக் கடமை என்று ஆக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கடமையை உதறச் சொன்னார். விட்டது இறைச்சியை மட்டுமல்ல, அடிமைச் சேவகத்தை. 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டைத் தோலுரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்த பிறகு, அந்த மாநிலத்து தலித்துகள் இனி மாட்டைத் தூக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். செத்த மாடுகளை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் தாயை நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்பது அதன் பொருள். அதுவும் மறுப்புதான்.

அதே அம்பேத்கர் 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில், பௌத்தத்தோடு நடந்த போட்டியில்தான் பார்ப்பனர்கள் மாட்டிறைச்சியை விட்டுப் புலால் மறுத்தார்கள் என்றும், தொடர்ந்து தின்றுவந்த சிதறுண்ட மக்கள் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டார்கள் என்றும் வாதாடினார். உணவை விடச் சொன்னவரும் அவர்தான், உணவை வைத்து மனிதனைத் தள்ளியதைத் தோலுரித்தவரும் அவர்தான். இதில் முரண் இல்லை. அவர் மறைவுக்குப் பின் 1957இல் வந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இதற்குத் திறவுகோல் இருக்கிறது. புத்தர் அகிம்சையை விதியாக வைக்கவில்லை, கொள்கையாக வைத்தார் என்கிறார். விதி கையைக் கட்டுகிறது. கொள்கை யோசிக்க விடுகிறது. கொல்ல வேண்டும் என்ற ஆசை வேறு, கொல்லவேண்டிய தேவை வேறு என்றும் பிரித்துக் காட்டுகிறார்.

சைவம் விதி. யாரோ எழுதி வைத்தது, யோசிக்காமல் பின்பற்ற வேண்டியது, பின்பற்றாதவனைத் தள்ளி வைப்பது. வீகன் கொள்கையாகவும் இருக்கலாம், விதியாகவும் கெட்டுப்போகலாம். கெட்டுப்போகிற இடம் எது? தன் தட்டைத் தாண்டி அடுத்தவன் தட்டில் கை வைக்கிற இடம்.

இது கற்பனை இல்லை. தமிழ்நாட்டில் சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010இல் வாரம் ஐந்து முட்டை என்று ஆனது. நம் பிள்ளைகள் அந்த முட்டைக்காகப் பள்ளிக்கூடம் போனார்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக் குழந்தைக்கு முட்டை கொடுக்கும் யோசனையை முதலமைச்சர் சிவராஜ்சிங் சௌகானே மறுத்தார். கர்நாடகத்தில் 2021இல் சத்துணவில் முட்டை வந்தபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். பாலும் நெய்யும் நிறைந்த தட்டுக்காரர்கள், ஒன்றுமில்லாத தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுக்கிறார்கள். நாளைக்கு இவர்களோடு சேர்ந்து ஒரு வீகன் போய் நின்றால் அவன் கோழிக்காக நிற்கவில்லை. கோழிக்காக நிற்கிறவன் அவர்களுடைய பாலையும் சேர்த்தல்லவா கேட்டிருப்பான்?

*

கிறிஸ்துமஸ் பலகாரம் பற்றித் தலித் பத்திரிகையில் எழுதும்போது டிசம்பர் 25ஐ வெறும் பண்டிகை நாளாக எழுதிவிட முடியாது. யார் சோற்றை யார் தின்னக் கூடாது என்று பட்டியல் போட்ட அந்த மனுஸ்மிருதியை மகாட்டில் கொளுத்தியது 1927 டிசம்பர் 25. நாற்பத்தோரு ஆண்டு கழித்து அதே தேதியில் கீழ்வெண்மணியில் நாற்பத்துநான்கு பேரைக் குடிசைக்குள் அடைத்து எரித்தார்கள். அந்தச் சண்டை கூலி நெல்லுக்கான சண்டை. அதாவது சோற்றுக்கான சண்டை. எரித்தவர்களும் ஏதோ ஒரு நாளில் விரதம் இருந்திருப்பார்கள், ஏதோ ஒரு கிழமையில் கறி தின்னாமல் இருந்திருப்பார்கள். தட்டில் ரத்தம் இல்லாததால் கையில் ரத்தம் இல்லை என்று ஆகிவிடாது.

இதனால்தான் 'யாருக்கு வலித்தது' என்ற கேள்வியைக் கோழியோடு நிறுத்த முடியாது என்கிறேன். அந்தப் பிள்ளையிடமும் இதைத்தான் சொன்னேன். பிஸ்கட்டில் முட்டை இல்லை, சரி. வெனிலா?

வெனிலா ஒரு கொடியின் காய். அதன் ஊர் மெக்சிகோ. வெள்ளைக்காரர்கள் அந்தக் கொடியைத் தங்கள் காலனிகளுக்குக் கொண்டுபோனார்கள். பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கிற பூச்சி அங்கே இல்லை. இந்தியப் பெருங்கடலில், இன்று ரீயூனியன் என்கிற பிரெஞ்சுத் தீவில், 1841இல் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒருவன் அதைத் தீர்த்தான். பெயர் எட்மண்ட். ஒரு சின்னக் குச்சியால் பூவின் உள்மடலைத் தூக்கி, கட்டைவிரலால் அழுத்தி மகரந்தத்தைச் சேர்த்துவிட்டான். இன்றுவரை உலகத் தோட்டங்களில் வெனிலா காய்ப்பது அவன் காட்டிய வழியில்தான். பூ ஒருநாள்தான் விரிந்திருக்கும். பூவுக்குப் பூ ஒரு மனிதக் கை போக வேண்டும். படித்த தாவரவியலாளர் ஒருவர் அது தன் கண்டுபிடிப்பு என்று உரிமை கேட்டார். அடிமைமுறை 1848இல் ஒழிந்தபோது எட்மண்டுக்கு ஆல்பியஸ் என்று ஒரு குடும்பப் பெயர் கொடுத்தார்கள். வேறொன்றும் கொடுக்கவில்லை. 1880இல் வறுமையில் செத்தான். அடிமைகள் போன இடத்தை நிரப்ப அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் ஏராளமானவர்கள் தமிழர்கள். இன்று வெனிலா அதிகம் விளைவது மடகாஸ்கரில். குழந்தை உழைப்பு கலந்த பொருள்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிட்ட பட்டியலில் மடகாஸ்கர் வெனிலாவும் இருக்கிறது.

"அக்கா, நம்ம எசன்ஸ்ல வெனிலாவே கெடையாது. அது கெமிக்கல்" என்றாள் அவள். நல்ல பதில். 1874இலேயே ஜெர்மன் வேதியியலாளர்கள் அந்த மணத்தைச் செயற்கையாக ஆக்கிவிட்டார்கள். பத்து இருபது ரூபாய் பாட்டிலில் இருப்பது அதுதான். சரி, சர்க்கரை? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள், மாதவிலக்கால் ஒருநாள் கூலி போய்விடக் கூடாது என்று கர்ப்பப்பையை எடுத்துக்கொள்கிற நிலை 2019இல் செய்தியாக வந்தது. டால்டாவில் இருக்கிற பாமாயில்? மலேயாத் தோட்டங்களில் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த உழைப்பின் கதை அதற்குப் பின்னால் இருக்கிறது.

இதை நான் அவளை மடக்கச் சொல்லவில்லை. எதைத் தின்றாலும் பாவம், ஆகவே எதையும் தின்னலாம் என்று சொல்வது சோம்பேறி வாதம். அந்த வாதம் ஆண்டைக்குத்தான் உதவும். நான் சொல்வது, அவள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதைப் பாதியில் நிறுத்தாதே என்பது. கோழியின் கூண்டைப் பார்க்கிற கண் கரும்புக் காட்டையும் பார்க்கட்டும். கரும்புக் காட்டையே பார்த்துப் பழகிய நம் கண் கூண்டையும் பார்க்கட்டும்.

*

இரண்டாவது பாதிதான் நமக்குக் கஷ்டம். அன்றைக்கு அவள் கடைசியாகக் கேட்டது: "கோழிக்கு நாம யாரு அக்கா? நமக்கு ஆண்டை மாதிரிதான, கோழிக்கு நாம?"

கூட இருந்த ஒரு தோழர் கோபப்பட்டார். நம்மை மிருகத்தோடு சேர்த்துப் பேசுகிறாள் என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. பசுவுக்குக் கோயிலில் இடம், நமக்கு வெளியே என்று வைத்திருந்த சமூகம் இது. மனிதரை மிருகத்துக்கும் கீழே தள்ளியவர்களின் நாட்டில் இந்த ஒப்பீட்டைக் கவனமில்லாமல் செய்யக் கூடாது. ஆனால் அவள் நம்மைக் கோழி என்று சொல்லவில்லை. கோழிக்கு நம்மை ஆண்டை என்றாள். அது வேறு.

நான் ராத்திரியெல்லாம் இதை யோசித்தேன். நாமக்கல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கம்பிக் கூண்டுகளில் சிறகு விரிக்க இடமில்லாமல் கோழிகள் அடுக்கடுக்காக நிற்பது. அது அப்படிப் பிறந்தது, அதன் பிறப்பு அதற்குத்தான் என்று சொல்லித்தானே நாம் சமாதானம் ஆகிறோம்? பிறப்பால் இன்னது, ஆகவே இன்ன இடம் என்ற வாதத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நாம் சொல்லலாமா? இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் இன்னும் மீன் தின்கிறேன், முட்டை தின்கிறேன். சத்துணவு முட்டைக்காக இன்னும் மேடையேறிப் பேசுவேன். ஆனால் அந்த முட்டை கூண்டில்லாமல் வர முடியாதா என்ற கேள்வியும் அந்த மேடையில் சேர வேண்டியதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

தமிழில் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒருவன் இருக்கிறான். மணிமேகலையின் ஆபுத்திரன். பெற்றவள் போட்டுவிட்டுப் போன பிள்ளை. பசு பால் கொடுத்துக் காத்ததாகக் கதை. வேள்விக்குக் கட்டி வைத்திருந்த பசுவை ராத்திரியில் அவிழ்த்துக்கொண்டு ஓடியவன். அதற்காக அடித்தார்கள், பிறப்பைச் சொல்லி இழித்தார்கள், ஊரை விட்டுத் துரத்தினார்கள். பிச்சை எடுத்தான், எடுத்ததைக் குருடருக்கும் முடவருக்கும் கொடுத்து மிச்சத்தைத் தின்றான். அவன் கையில்தான் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி வந்து சேர்ந்தது. மாட்டுக்காக இரங்கிய கைதான் மனிதனுக்கும் சோறு போட்டது. யார் என்று கேட்காமல் போட்டது.

வள்ளலாரையும் இங்கே நினைக்க வேண்டும். 1867இல் வடலூரில் தருமசாலை திறந்து சாதி பார்க்காமல் பசிக்குச் சோறு போட்டவர். பெரிய காரியம். ஆனால் கொலையும் புலாலும் விடாதவர்களை அவர் 'புறவினத்தார்' என்று பிரித்தார். பசியைத் தீர்க்கலாம், அதற்கு மேல் உறவு இல்லை. அவ்வளவு பெரிய இரக்கத்துக்குள்ளும் ஒரு வாசற்படி வந்துவிட்டது. அந்தப் புறவினம் என்ற சொல் நமக்கு எங்கே வலிக்கும் என்று எழுதத் தேவையில்லை. ஆபுத்திரன் பாத்திரத்துக்கு வாசற்படி இல்லை. எனக்கு ஆபுத்திரன்தான் வேண்டும்.

ஆகவே பெரியம்மாக்களுக்குச் சொல்வேன்: ஒரு பிள்ளை முட்டை வேண்டாம் என்றால் அவள் சாதி மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அவள் எதற்காக வேண்டாம் என்கிறாள் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்வேன்: உன் மறுப்பு உன் தட்டோடு நிற்கட்டும், உன் கேள்வி மட்டும் உன் தட்டைத் தாண்டிப் போகட்டும். அம்மா ஆக்கிய கறிச்சட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்தாதே. அந்தச் சட்டிதான் உன்னைச் சென்னை வரைக்கும் கொண்டுபோனது. பச்சைப் புள்ளிக்காரர்கள் உன்னைத் தங்கள் ஆள் என்று கூப்பிடுவார்கள். போகாதே. அவர்கள் சாலையில் நீ சுட்ட பிஸ்கட்டை வைத்துப் பார், தொடுவார்களா என்று.

இந்த வருசமும் மாலைப் பள்ளிக்கு இரண்டு சட்டியில் மாவு பிசைவோம். ஒன்றில் முட்டை, ஒன்றில் தேங்காய்ப்பால். நாற்பது பிள்ளைகளுக்குக் கால் கிலோ மாவு காணாது, தலா ஒரு கிலோவாவது வேண்டும். மணலைச் சலித்துக் காயப்போட வேண்டும். டால்டா விலை ஏறியிருக்கிறது.